மாடி அறை ரேடியோவுக்கு எர்த்: தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

ஹாம் உரிமம், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவதற்கான உரிமம், கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் ரேடியோவை மாடி அறையில்தான் வைக்கிறார்கள். ஆன்டெனா மொட்டை மாடியில் இருக்கும், கேபிள் குறைவாகப் போதும், இராத்திரி பேசினாலும் கீழே தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவு இல்லை. எல்லாம் சரி. எர்த் என்று வரும்போதுதான் சிக்கல். ஒரு கம்பியை ஜன்னல் வழியாக இறக்கி மண்ணில் அடித்துவிட்டால் போதும் என்று யாராவது சொல்வார்கள். அப்படிச் செய்த வீடுகளில் மைக்கைத் தொட்டால் உதட்டில் சுள்ளென்று கடிக்கும், கம்ப்யூட்டர் திடீரென்று நின்றுபோகும், பக்கத்து அறை ஸ்பீக்கரில் நம் குரல் கரகரவென்று வரும்.

எர்த் மூன்று வேலை செய்ய வேண்டியிருக்கிறது. கரண்ட் கசிந்தால் ஆளைக் காப்பது ஒன்று. மின்னலை வீட்டுக்கு வெளியிலேயே மண்ணுக்கு அனுப்புவது இரண்டு. ரேடியோ அலை ஓடித் திரும்ப வழி தருவது மூன்று. முதல் இரண்டுக்கும் மண் வேண்டும். மூன்றாவதை மாடியிலேயே முடித்துவிட வேண்டும். அதற்கு மண்ணைத் தேடிப் போவதில்தான் இத்தனை தொல்லையும் வருகிறது. கீழே சொல்லியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். முதல் படி முடியாமல் டிரான்ஸ்மிட் பட்டனை அழுத்த வேண்டாம்.

வீட்டு எர்த் உயிரோடு இருக்கிறதா?

நம் பக்கம் பல வீடுகளில் கீழ்த்தளம் ஒரு காலத்தில் கட்டியது, மாடி பிற்பாடு எழுப்பியது. மாடிக்கு பேஸ், நியூட்ரல் என்று இரண்டு ஒயரை மட்டும் இழுத்திருப்பார்கள். சுவரில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும். மேலே உள்ள பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. இதைவிட மோசம், எர்த் முனையையும் நியூட்ரலையும் சாக்கெட்டுக்குள்ளேயே ஒரு துண்டு ஒயரால் சேர்த்து வைத்திருப்பது. வழியில் எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால், ரேடியோவின் இரும்பு உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். அப்படி ஒரு துண்டு ஒயரைப் பார்த்தால் அன்றைக்கே எடுத்துவிட்டு, மெயின் போர்டிலிருந்து பச்சை ஒயர் தனியாக இழுக்கச் சொல்லுங்கள்.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள். 230 அருகில் காட்ட வேண்டும். 100, 120 என்று அலைந்தால் எர்த் தொடர்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே. ஒன்றிரண்டு வோல்ட் இருப்பது இயல்பு. வீட்டில் மோட்டாரும் கீசரும் ஓடும்போதும் அசையாமல் 0 காட்டினால், அந்தத் துண்டு ஒயர் எங்கோ ஒளிந்திருக்கலாம்; சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மல்டிமீட்டர் மிகச் சிறிய கரண்ட்டைத்தான் எடுக்கும். அதனால் எர்த் அரைகுறையாக இருந்தாலும் 230 காட்டிவிடும். எர்த் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று தெரிய எர்த் டெஸ்டர் வேண்டும். அது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் இருக்கும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பைப் போட்டுப் பார்க்கும் வழக்கம் இங்கே உண்டு. அதைச் செய்யாதீர்கள். எர்த் மண்ணோடு சேராமல் இருந்தால், பல்பு வழியாக வந்த பேஸ் அந்த எர்த் ஒயரில் மாட்டியிருக்கும் பிரிட்ஜ், கிரைண்டர் எல்லாவற்றின் உடம்பிலும் ஏறும். அந்த நேரம் யாராவது பிரிட்ஜைத் தொட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரேடியோவுக்கு 13.8 வோல்ட் தரும் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் உள்ளே இரைச்சலை வடிகட்ட பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடம்புக்குச் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இல்லாவிட்டால் அந்த உடம்பு மெயின் வோல்டேஜில் பாதியில், அதாவது 115 வோல்ட் அருகில் மிதக்கும். புறங்கையால் உரசினால் விறுவிறுவென்று இருக்கும். ஆளைத் தூக்கி அடிக்கும் கரண்ட் இல்லைதான், ஆனால் எர்த் வரவில்லை என்பதற்கு நல்ல அடையாளம்.

அப்புறம் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச். நம் வீடுகளில் எர்த் என்பது பெரும்பாலும் நாமே தோண்டிய குழிதான். அதன் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ரேடியோவுக்குள் பேஸ் உடம்பைத் தொட்டால் 230ஐ 20ஆல் வகுக்க, ஓடுவது சுமார் 11 ஆம்பியர். கரண்ட் அளவு மீறினால் விழும் எம்சிபி சுவிட்ச் 16 ஆம்பியர் என்றால் அதற்கு விழவே விழாது. உடம்பில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் கண் இமைப்பதற்குள் விழும். மாடி லைனுக்காவது ஒன்று கட்டாயம் போடுங்கள். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பொருளைத்தான் வாங்க முடியும் என்றால், நான் வாங்கச் சொல்வது இதைத்தான்.

பாறை மண்ணில் எர்த் குழி

வழக்கமான குறிப்புகள் எட்டடி செம்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்து இறக்கச் சொல்லும். வண்டல் மண்ணுக்கு அது சரி. தருமபுரி, பென்னாகரம், பர்கூர், ஊத்தங்கரை பக்கம் இரண்டு மூன்று அடி செம்மண், அதன் கீழே சரளை, அப்புறம் பாறை என்று இருக்கும் மனைகள் ஏராளம். கம்பி பாதியில் நின்று வளையும். ஆர்வத்தில் கம்ப்ரஸர் வைத்துப் பாறையை உடைத்துக் குழி போடுவதிலும் பெரிய லாபம் இல்லை. பாறைக்குள் நிற்கும் கம்பியைச் சுற்றி ஈரம் இருக்காது. ஈரம் இல்லாத இடத்தில் கரண்ட் மண்ணுக்குள் இறங்காது.

ஆழம் கிடைக்காத இடத்தில் நீளம் போடுங்கள். எர்த்துக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 3043 இதற்கு வழி சொல்கிறது: 25 மில்லிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் கனம் உள்ள ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையை அரை மீட்டருக்குக் குறையாத ஆழத்தில், 15 மீட்டருக்குக் குறையாமல் புதைக்கலாம். 30க்கு 40 அடி மனையில் காம்பவுண்ட் ஓரமாக நீளப் பக்கம் முழுக்கப் போய், மூலையில் திரும்பி இன்னும் பத்தடி போனால் 15 மீட்டர் வந்துவிடும். வாய்க்கால் வெட்ட ஒரு ஆள், மண்வெட்டி, கடப்பாரை போதும். இரண்டு மூன்று அடி வரை மண் நன்றாக இறங்கினால், ஒரு மீட்டர் கம்பிகள் மூன்றை இரண்டு மீட்டர் இடைவெளியில் அடித்து அந்தப் பட்டையோடு சேர்த்துவிடலாம். கம்பியின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி இல்லாவிட்டால் மூன்று கம்பிக்கான முழுப் பலன் கிடைக்காது.

வாய்க்காலை எந்தப் பக்கம் வெட்டுவது? பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் வாழைக்கன்றுப் பக்கம். வீட்டைச் சுற்றி வருடம் முழுக்க ஈரம் நிற்கும் ஒரே இடம் பெரும்பாலும் அதுதான். வாழை இல்லையென்றால் ஆர்ஓ மெஷினின் கழிவு நீர்க் குழாயைப் பட்டை புதைத்த இடத்துக்குத் திருப்பிவிடுங்கள். உப்பு கூடுதலாக உள்ள அந்தத் தண்ணீர் எப்படியும் வீணாகத்தான் போகிறது.

கரியும் கல்லுப்பும் அடுக்கடுக்காகப் போடுவது பழைய முறை, வேலை செய்யும். ஆனால் உப்பு ஜிஐயை அரிக்கும், நாலைந்து மழையில் கரைந்தும் போகும். பெண்டோனைட் களிமண் கிடைத்தால் அதைப் போடுங்கள்; ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரும்பைத் தின்னாது. போர்வெல் கேசிங் பைப்பில் கட்டிவிடலாமா என்று கேட்பார்கள். இப்போது இறக்கும் கேசிங் பெரும்பாலும் பிவிசி. அதில் கட்டிப் பயனில்லை. தண்ணீர்க் குழாயும் அப்படித்தான். சமையல் கேஸ் குழாயில் எந்தக் காரணத்துக்கும் கட்டக் கூடாது.

அளந்து பார்க்கும்போது 5 ஓமுக்குக் கீழே வந்தால் நல்லது. நம் மண்ணில் 20, 30 வந்தாலும் மனம் தளர வேண்டாம். ஆர்சிசிபி இருந்தால் ஆள் பாதுகாப்புக்கு அது போதும்.

இனிச் சொல்வதைத் தவறாமல் செய்யுங்கள். புதிதாகப் போட்ட இந்த எர்த்தை வீட்டின் பழைய எர்த் குழியோடு இணைத்தாக வேண்டும். ரேடியோவுக்குத் தனி எர்த், வீட்டுக்குத் தனி எர்த் என்று பிரித்து வைப்பது சுத்தம் என்று பலர் நம்புகிறார்கள். பக்கத்தில் மின்னல் இறங்கினால் இரண்டு குழிகளுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும். ஒரு பக்கம் ஆன்டெனா கேபிள் வழியாகப் புது எர்த், மறுபக்கம் மூன்று பின் பிளக் வழியாகப் பழைய எர்த் என்று இரண்டோடும் சேர்ந்திருப்பது உங்கள் ரேடியோ. அந்த வித்தியாசம் முழுக்க அதற்குள்ளேதான் பாயும். ஈபி கம்பியில் உட்காரும் காக்கைக்கு ஒன்றும் ஆகாதது இரண்டு காலும் ஒரே வோல்ட்டில் இருப்பதால்தான். ரேடியோவையும் அப்படி உட்கார வையுங்கள். இரண்டு குழியையும் வீட்டுக்கு வெளியே, மண்ணுக்குள் ஓடும் ஜிஐ பட்டையாலோ 16 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயராலோ இணைத்தால் போதும்.

மேசைக்குப் பின்னால் ஒரு பட்டை

மேசையின் பின் விளிம்பில் ஓர் அடி, ஒன்றரை அடி நீளச் செம்புப் பட்டையைத் திருகி வையுங்கள். ரேடியோ, பவர் சப்ளை, ட்யூனர் (ஆன்டெனாவை ரேடியோவோடு பொருத்தும் பெட்டி), எஸ்டபிள்யூஆர் மீட்டர் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு அலை திரும்பி வருகிறது என்று காட்டுவது), கம்ப்யூட்டர் கேபினட் ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியாக ஒரு ஒயர் இந்தப் பட்டைக்கு வர வேண்டும். ஒன்றின் எர்த் திருகிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று கோக்காதீர்கள். ஒயர் குட்டையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். ரேடியோ அலை உலோகத்தின் மேல்தோலில்தான் ஓடும், அதனால் உருண்டை ஒயரைவிடத் தட்டைப் பட்டை நல்லது. பழைய ஆர்ஜி 213 ஆன்டெனா கேபிளின் ஜாக்கெட்டைக் கீறி, உள்ளே இருக்கும் செம்புப் பின்னலை உருவி எடுத்தால் அறைக்குள் போட அருமையான பட்டை. வெயிலும் மழையும் படும் இடத்தில் மட்டும் பின்னல் வேண்டாம், ஒரு வருடத்தில் பச்சை பிடித்துப்போகும்.

இந்தப் பட்டையிலிருந்து கீழே எர்த்துக்கு ஒரு 10 அல்லது 16 சதுர மில்லிமீட்டர் ஒயர். எட்டாம் நம்பர் ஜிஐ கம்பியும் தாங்கும். ஆனால் செம்பும் ஜிஐயும் நேரடியாகத் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் துத்தநாகம் அரித்துவிடும். நடுவே ஸ்டெயின்லெஸ் வாஷர் போட்டு, மேலே வாசலின் தடவிவிடுங்கள்.

இறங்கும் கம்பி எப்போது ஆன்டெனா ஆகிறது?

கீழே மண்ணோடு சேர்ந்திருக்கும் ஒரு கம்பி, நீளத்தில் கால் அலை (அலை நீளத்தில் கால் பங்கு) அளவுக்கு வந்தால், மேல் முனையில் அந்த அலைவரிசைக்கு எர்த்தாகவே இருக்காது. அங்கே தடை உச்சத்தில் நிற்கும், வோல்டேஜும் ஏறி நிற்கும். கால் அலை நீளத்துக்கு 71ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் விடை வரும். 7.1க்குப் பத்து மீட்டர், 14.2க்கு ஐந்து மீட்டர், 21.2க்கு மூன்று மீட்டர் 35 சென்டிமீட்டர், 28.4க்கு இரண்டரை மீட்டர்.

இப்போது வீட்டை அளந்து பாருங்கள். அடித்தளம் இரண்டடி, கீழ்த்தள உயரம் பத்தடி, மேசை இரண்டரை அடி. அதுவே நாலரை மீட்டர் ஆச்சு. ஜன்னல் வரைக்கும், கீழே குழி வரைக்கும் போக இன்னும் ஒரு மீட்டர். முதல் மாடி அறையின் எர்த் கம்பி 14 மெகாஹெர்ட்ஸின் கால் அலைக்கு மிக அருகில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இரண்டாம் மாடி என்றால் எட்டரை, ஒன்பது மீட்டர். அங்கே 7 மெகாஹெர்ட்ஸ் தொல்லை கொடுக்கும். ஒரு பேண்டில் (அலைவரிசைத் தொகுதியில்) நன்றாகப் பேசும் ரேடியோ இன்னொரு பேண்டில் மைக்கைக் கடிக்க வைப்பதன் காரணம் இதுதான். ரேடியோவில் பழுதில்லை. கம்பியைத் தடிமனாக்கினாலும் குழியில் இன்னும் நாலு மூட்டை கரி கொட்டினாலும் இது மாறாது.

அதனால் அந்தக் கம்பி ஆள் பாதுகாப்புக்கு மட்டும். அது அலையைத் தாங்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எர்த் கேட்காத ஆன்டெனா

புதியவர்களுக்கு நான் சொல்வது டைபோல், அதாவது நடுவில் கேபிள் சேரும் இரண்டு கை ஒயர் ஆன்டெனா. அதிலும் சிக்கலான எதுவும் வேண்டாம், நடுவில் உயரமாகவும் இரண்டு கையும் சரிவாகவும் தொங்கும் சாதாரண வடிவம். ஒரு கையில் ஓடும் கரண்ட்டுக்கு மறு கையே பதில் சொல்லும், மண் தேவையில்லை. மொத்த நீளம் 142.5ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் வரும். 7.1க்கு 20 மீட்டர். 30க்கு 40 மனையில் மொட்டை மாடி முழுக்க வீடாகவே இருந்தாலும் மூலைவிட்டம் 15 மீட்டர்தான். மாடிப்படி ஹெட்ரூம் மேல் ஒரு ஜிஐ பைப் நிறுத்தி, அதிலிருந்து இரண்டு பக்கமும் சரித்து, மிச்சமிருப்பதைச் சுவரை ஒட்டாமல் கீழே தொங்கவிட்டாலும் நன்றாகவே வேலை செய்யும். தெருவில் போகும் ஈபி லைனை மட்டும் மறக்காதீர்கள். பைப் சாய்ந்து விழுந்தாலும், கம்பி அறுந்து பறந்தாலும் லைனைத் தொட முடியாத தூரம் வேண்டும். அந்தத் தூரம் கிடைக்காத வீட்டில் அந்தப் பக்கம் ஆன்டெனா கட்டவே கூடாது.

டைபோல் போட்டாலும் அதற்குப் போகும் கோஆக்ஸ் கேபிளின் வெளித்தோல், அதாவது செம்புப் பின்னலின் வெளிப்புறம், மூன்றாவது கையாக மாறி, அலையை அறைக்குள் கொண்டுவரும். அதைத் தடுப்பது சோக், அதாவது கேபிளையே சுருளாகச் சுற்றிப் போடும் தடுப்பு. கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இடத்தில், எஃப்டி 240 அளவு ஃபெரைட் வளையத்தில், 31 அல்லது 43 ரகத்தில், ஆர்ஜி 58 கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள். வளையம் கிடைக்காவிட்டால் நாலு இன்ச் பிவிசி பைப்பில் ஆறு மீட்டர் கேபிளை வரிசையாகச் சுற்றினாலும் ஓரளவு தாங்கும். கேபிள் அறைக்குள் நுழையும் இடத்தில் இரண்டாவது சோக் போட்டால், அறைக்குள் இருக்கும் எல்ஈடி பல்பு, இன்வெர்ட்டர் இரைச்சலும் ஆன்டெனாவுக்கு ஏறாமல் குறையும். என் அனுபவத்தில் எர்த்துக்குச் செலவழிப்பதைவிட இந்த இரண்டு சோக்குக்குச் செலவழிப்பதில் காதுக்குக் கிடைக்கும் பலன் அதிகம்.

இடம் இல்லாமல் ஒரே நீளக் கம்பியை ட்யூனரில் மாட்டுகிறவர்கள், பேண்டுக்கு ஒன்றாகக் கால் அலை ஒயர்களை வெட்டி ட்யூனரின் எர்த் திருகில் மாட்டி, தரை ஓரமாக விரித்துவிடலாம். மண்ணுக்குப் பதில் அதுதான் அலைக்குத் திரும்பும் வழி. மறு முனையில் வோல்டேஜ் அதிகம், தொட்டால் சுடும். அந்த முனைகளுக்கு டேப் சுற்றி, குழந்தைகளின் கைக்கு எட்டாத மூலையில் முடியுங்கள்.

மின்னல்

சித்திரை, வைகாசியில் மாங்காயை உதிர்க்கும் காற்றோடு வரும் மழைதான் நம் பக்கம் ரேடியோக்காரர்களுக்குப் பயம். ஐப்பசி மழையிலும் இடி உண்டு. மொட்டை மாடிப் பைப்பின் அடியிலிருந்து வீட்டின் வெளிச்சுவரில் நேராகக் கீழே 25 மில்லிமீட்டர் அகல ஜிஐ பட்டை ஒன்று இறங்க வேண்டும். கூர்மையான மடிப்பு கூடாது, திரும்ப வேண்டிய இடத்தில் அகலமாக வளைத்துவிடுங்கள். மின்னல் கரண்ட் மைக்ரோ வினாடிக்குப் பத்தாயிரம் ஆம்பியர் வேகத்தில் ஏறினால், ஒவ்வொரு மீட்டர் கம்பியிலும் சுமார் பத்தாயிரம் வோல்ட் நிற்கும். அதனால்தான் இந்தப் பட்டையை அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்கிறேன். கேபிள் நுழையும் இடத்தில், வெளிச்சுவரிலேயே கேஸ் ட்யூப் அரெஸ்டர் (அதிக வோல்டேஜ் வந்தால் எர்த்துக்குத் திருப்பிவிடும் சாதனம்) ஒன்றை வைத்து, அதன் உடம்பை இந்தப் பட்டையோடு சேர்த்துவிடுங்கள்.

இத்தனையும் செய்தாலும் நேரடியாக விழும் இடியிலிருந்து ரேடியோ தப்பும் என்று யாரும் உறுதி தர முடியாது. பேசி முடித்ததும் கோஆக்ஸ், மூன்று பின் பிளக், லேன் கேபிள் மூன்றையும் கழற்றிவிடுவதை வழக்கமாக்குங்கள். கழற்றிய கோஆக்ஸை அறைக்குள் தரையில் போடாமல், ஜன்னலுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் விடுங்கள். இடி ஏற்கெனவே கேட்க ஆரம்பித்துவிட்டால் கேபிளைத் தொடவே போகாதீர்கள். ரேடியோ போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

எல்லாம் சரியா என்று பார்ப்பது

முதலில் 5 வாட்டில், ஒவ்வொரு பேண்டிலும் எஸ்டபிள்யூஆரைக் குறித்துக்கொள்ளுங்கள். ரேடியோவின் உடம்பில் கை வைத்தால் மீட்டர் முள் நகர்கிறதா, ரேடியோவுக்கு வரும் கோஆக்ஸைக் கையால் பிடித்தால் நகர்கிறதா? நகர்ந்தால் கேபிளின் வெளித்தோலில் இன்னும் அலை ஓடுகிறது. சோக்கில் சுற்றைக் கூட்டுங்கள், அல்லது அதன் இடத்தை மாற்றிப் பாருங்கள். எல்லா பேண்டிலும் முள் அசையாமல் நின்ற பிறகு பவரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

எர்த் தடையை மழைக்காலத்தில் அளந்தால் எண் அழகாக இருக்கும். ஏப்ரல் கடைசியில், மண் காய்ந்து வெடித்திருக்கும்போது அளக்கச் சொல்லி, தேதியோடு டிபி பாக்ஸ் (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அதே மாதம் அளந்ததில் எண் இரண்டு மடங்காகியிருந்தால், முதலில் குழியில் இருக்கும் கிளாம்பைக் கழற்றித் துருவைச் சுரண்டி இறுக்குங்கள். அப்போதும் குறையவில்லை என்றால், புதைத்த பட்டையை வாழைப் பக்கமாக இன்னும் ஐந்து மீட்டர் நீட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.